இஸ்ரேலில் முதல் யோம் கிப்பூர்: வீட்டுப் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

2023 செப்டம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. வார விடுப்பு முடிந்து, டெல் அவீவ் மத்திய பஸ் நிலையத்துக்கு வெளியே ஒரு கையில் அரிசிப் பையும் மறு கையில் கறிவேப்பிலைக் கட்டுமாக நின்றுகொண்டிருந்தேன். பெத்தா திக்வாவுக்குப் போகும் பஸ் வரவில்லை. ஆகஸ்டில்தான் ஓடத் தொடங்கியிருந்த இலகு ரயிலும் நின்றுவிட்டது. பலர் பகிர்ந்து போகும் ஷெரூத் வேன் சனிக்கிழமைகூட ஓடுமே என்று அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். வேன் நிற்கும் இடத்தில் ஒரு பூனை படுத்திருந்தது. கடைசியில் கிடைத்த டாக்ஸிக்காரர் 250 ஷெக்கெல் கேட்டார். கொடுத்தேன். வீட்டுக்குள் நுழைந்து மருந்துப் பெட்டியைத் திறந்தால் சாஃப்தாவின் (நான் பராமரிக்கும் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவேன்) இரத்த அழுத்த மாத்திரை அன்றிரவுக்கு ஒன்றுதான் மிச்சம். மருந்துக் கடை மூடியாயிற்று. மறுநாள் எனக்குச் சாப்பிட வீட்டில் ஒன்றும் இல்லை.

என்னைப் போல நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு யோம் கிப்பூர் என்கிற இந்த நாள் புதிதல்ல என்று தோன்றும். லேவியராகமத்தில் ‘பாவநிவிர்த்தி செய்யும் நாள்’ என்று ஞாயிறு பள்ளியிலேயே வாசித்திருப்போம். வாசித்தது எதுவும் பஸ் எத்தனை மணிக்கு நிற்கும் என்று சொல்லவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். முதியவரின் வீட்டில் தங்கி வேலை பார்க்கும் மெட்டப்பெலெத் (பெண் பராமரிப்பாளர்), மெட்டப்பெல் (ஆண் பராமரிப்பாளர்) எல்லோருக்கும் இது உதவும்.

நாள் எப்படி என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் சூரியன் மறைவதற்குச் சற்று முன்பு தொடங்கி, மறுநாள் நட்சத்திரம் தெரியும்வரை சுமார் 25 மணி நேரம். உணவு இல்லை, தண்ணீரும் இல்லை. குளியல், எண்ணெய் அல்லது கிரீம் பூசுதல், தோல் செருப்பு, தாம்பத்தியம் ஆகியவையும் கிடையாது. ஓய்வுநாளுக்கு உரிய மற்றத் தடைகள் (அடுப்பு, விளக்குச் சுவிட்ச், வண்டி, எழுதுவது) எல்லாம் கூடவே வரும். இவை நோன்பு இருப்பவர்களுக்கான விதிகள். உங்களுக்கு அல்ல. ஆனால் நாட்டின் கதவு அடைபடுவது எல்லோருக்கும்தான்.

1. தேதியைப் பாருங்கள், கிழமையை அதைவிடக் கவனமாகப் பாருங்கள்

யூத நாட்காட்டியில் இது திஷ்ரி மாதம் பத்தாம் நாள். நம் நாட்காட்டியில் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும். 2026-இல் செப்டம்பர் 20 ஞாயிறு மாலை தொடங்கி 21 திங்கள் இரவு முடிகிறது. 2027-இல் அக்டோபர் 10 ஞாயிறு மாலை முதல் 11 திங்கள் இரவு வரை. 2028-இல் செப்டம்பர் 29 வெள்ளி மாலை முதல் 30 சனி இரவு வரை.

2026, 2027 இரண்டும் நான் 2023-இல் மாட்டிக்கொண்ட அதே கிழமை அமைப்பு. வெள்ளி பிற்பகலிலேயே கடைகள் ஷப்பாத் என்கிற சனிக்கிழமை ஓய்வுநாளுக்காக மூடிவிடும். சனி இரவு கொஞ்சம் திறக்கும். ஞாயிறு காலை அரை நாள். பிறகு திங்கள் இரவு வரை ஒன்றும் இல்லை. ‘ஞாயிறு முழு நாள் இருக்கிறதே’ என்று நினைத்துத்தான் நான் ஏமாந்தேன். இந்த அமைப்பில் உங்கள் உண்மையான கடைசி வேலை நாள் வியாழக்கிழமை. மருத்துவரைப் பார்ப்பது, வங்கி, அஞ்சலகம், முகவர் அலுவலகம் எல்லாவற்றையும் வியாழனுக்குள் முடித்துவிடுங்கள்.

முந்தின நாளுக்கு ‘எரெவ் யோம் கிப்பூர்’ என்று பெயர். அன்று பிற்பகல் தொடக்கத்திலேயே ரயிலும் பஸ்ஸும் படிப்படியாக நின்றுவிடும். உங்கள் வழித்தடத்தின் கடைசி வண்டி நேரத்தை அந்த வாரமே செயலியில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பார்த்த நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கிளம்புங்கள். கடைசி வண்டி நிரம்பி வழியும், சில சமயம் நிறுத்தத்தில் நிற்காமலே போய்விடும். மறுநாள் நோன்பு முடிந்த பிறகும் வண்டிகள் உடனே ஓடாது, இரவு சற்று நேரம் ஆகும்.

விமானமும் அப்படியே. பென் குரியன் விமான நிலையம் எரெவ் பிற்பகல் மூடப்பட்டு மறுநாள் இரவுதான் திறக்கும். நாட்டின் வான்வழியே மூடப்படும். ஊருக்கு விடுப்பில் போகிறவர்கள் முன்னும் பின்னும் ஒரு நாள் இடைவெளி விட்டு டிக்கெட் எடுங்கள். ஊரிலிருந்து முதன்முதலாக வருகிறவர்களும் எரெவ் நாளில் இறங்கும் டிக்கெட்டை முகவர் தந்தால் மாற்றச் சொல்லுங்கள். காலையில் இறங்கி, வரிசையில் நின்று வெளியே வரும்போது வண்டி நின்றிருக்கும்.

விசா புதுப்பித்தல், அனுமதித் தாள் போன்ற வேலைகளை ரோஷ் ஹஷானா என்கிற புத்தாண்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். 2026-இல் அது செப்டம்பர் 11 மாலை தொடங்குகிறது. அதிலிருந்து அக்டோபர் 3 வரை பண்டிகை மேல் பண்டிகை. எந்த அலுவலகத்தில் எதைக் கேட்டாலும் ‘அஹரேய் ஹஹகீம்’ என்பார்கள். பண்டிகையெல்லாம் முடியட்டும் என்று பொருள். நம் ஊரில் ‘தை பிறக்கட்டும்’ என்று தள்ளிப்போடுவது போல.

2. மருத்துவரின் தாள்: இரண்டு வாரம் முன்பே

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

எண்பது வயதைத் தாண்டிய, சர்க்கரை உள்ள, நீர் மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் ‘எழுபது வருஷமாக நோன்பு இருக்கிறேன், இந்த வருஷமும் இருப்பேன்’ என்பார். மகள் ‘அம்மாவுக்கு வேண்டாம்’ என்பார். மகன் ‘அம்மா இஷ்டம்’ என்பார். நடுவில் நிற்பது நீங்கள். இந்த முடிவை நீங்கள் எடுக்காதீர்கள், எடுக்கவும் உங்களுக்கு உரிமை இல்லை. குடும்ப மருத்துவரிடம் முன்பதிவு செய்து, குடும்பத்தில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போய், எழுத்தில் வாங்குங்கள். தாளில் இவை இருக்க வேண்டும்: நோன்பு இருக்கலாமா, கூடாதா, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, இன்சுலின் அளவு மாறுகிறதா, சர்க்கரையை எத்தனை மணிக்கு ஒரு முறை பார்க்க வேண்டும், எந்த எண்ணுக்குக் கீழே போனால் யாரையும் கேட்காமல் இனிப்புக் கொடுத்துவிட வேண்டும்.

யூத மதச் சட்டமே உயிருக்கு ஆபத்து என்றால் நோன்பை விடச் சொல்கிறது. ‘பிக்குவாஹ் நெஃபெஷ்’ என்ற அந்தச் சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பிடிவாதம் பிடிக்கும் பெரியவர்களிடம் மருத்துவரின் பேச்சைவிட ரபீயின் (யூத மதகுருவின்) பேச்சு எடுபடும். குடும்பத்தினரை ரபீயிடமும் கேட்கச் சொல்லுங்கள்.

முழு நோன்பும் இல்லாமல், முழுச் சாப்பாடும் இல்லாமல் இடைவழி ஒன்று உண்டு. ‘ஷிஉரீம்’ என்பார்கள், ஒவ்வொரு முறையும் மிகச் சிறிய அளவு, நடுவில் இடைவெளி. எங்கள் வீட்டில் 2024-இல் எழுதித் தந்த கணக்கு: ஒரு முறைக்கு 35 மில்லிலிட்டர் தண்ணீர், அடுத்ததற்கு ஒன்பது நிமிட இடைவெளி. இருமல் மருந்தோடு வரும் பிளாஸ்டிக் குவளையில் 35-க்கு நேராகப் பேனாவால் கோடு போட்டேன். சாஃப்தா குவளையைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, நீர் கோட்டைத் தாண்டவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் குடித்தார். கோட்டுக்கு மேலே ஒரு சொட்டு நின்றாலும் திருப்பித் தந்துவிடுவார். உங்கள் வீட்டுக்கு அளவு வேறாக இருக்கலாம். எங்கள் கணக்கை எடுத்துக்கொள்ளாதீர்கள், கேட்டு வாங்குங்கள். கோடும் முந்தின நாளே போட்டுவிடுங்கள்.

மாத்திரைகளை எண்ணுவதும் இதே வாரத்தில்தான். யோம் கிப்பூருக்கு மட்டும் எண்ணாமல், அடுத்து ஐந்தாம் நாள் வரும் சுக்கோத் என்கிற கூடாரப் பண்டிகை வரை எண்ணுங்கள். 2023-இல் நான் எண்ணாததால் சாஃப்தாவின் மகன் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு நடந்தே போய் இரண்டு மணி நேரம் காத்திருந்து, இரண்டு மாத்திரை வாங்கி வந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது.

ஒரு நாளைக்கு நான்கு காப்பி குடிக்கிறவர் என்றால் ஒரு வாரம் முன்பிருந்தே ஒவ்வொன்றாகக் குறைத்துவிடுங்கள். நோன்பு நாளின் தலைவலிக்குப் பசியைவிடக் காப்பிதான் பெரும்பாலும் காரணம்.

3. விடுப்பும் ஊதியமும்

வேலையில் மூன்று மாதம் முடித்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒன்பது நாள் ஊதியத்துடன் பண்டிகை விடுப்பு உண்டு. அந்த ஒன்பதையும் உங்கள் மதப் பண்டிகைகளாகவோ யூதப் பண்டிகைகளாகவோ தேர்ந்துகொள்ளலாம். கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளி என்று தேர்ந்துகொண்டால் யோம் கிப்பூர் உங்களுக்குச் சாதாரண வேலை நாளாகிவிடும். யூதப் பண்டிகைகளைத் தேர்ந்துகொண்டு அன்று வேலை பார்த்தால் கூடுதல் ஊதியம் சேரும். எது நல்லது என்பது உங்கள் கணக்கு. என் யோசனை: ஒன்பது தேதிகளையும் ஆண்டு தொடக்கத்திலேயே தாளில் எழுதி, குடும்பத்தினரிடம் கையெழுத்து வாங்கி, படம் எடுத்து வையுங்கள். செப்டம்பரில் வாய்ப்பேச்சாகத் தொடங்கினால் இரண்டு பக்கமும் மனக்கசப்பு. சந்தேகம் இருந்தால் டெல் அவீவில் உள்ள காவ் லஓவேத் என்ற தொழிலாளர் உதவி அமைப்பில் விசாரிக்கலாம். அதையும் பண்டிகை வாரத்துக்கு முன்பே செய்யுங்கள்.

வார விடுப்பு எரெவ் நாளை ஒட்டி வந்தால் வேறு நாளுக்கு மாற்றிக்கொள்வதே நிம்மதி. விடுப்புக்குப் போய்த் தங்கும் டெல் அவீவ் அறையிலேயே இருந்துவிட்டால் 25 மணி நேரம் திரும்பி வர வழியில்லை. அங்கே தோழிகளோடு இருக்கத்தான் விருப்பம் என்றால் மாற்று ஆளை ஏற்பாடு செய்துவிட்டு இரண்டு இரவுக்கு விடுப்புக் கேளுங்கள்.

4. ஒரே உறையில் வைக்க வேண்டியவை

பிளாஸ்டிக் உறை ஒன்று வாங்கி, வாசல் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அதில்:

முதியவரின் அடையாள அட்டை நகல், மருத்துவக் காப்பீட்டு அட்டை, மருந்துப் பட்டியல், மருத்துவர் எழுதித் தந்த தாள். உங்கள் பாஸ்போர்ட், விசா பக்கத்தின் நகல், உங்கள் சொந்தக் காப்பீட்டு அட்டை. பிள்ளைகளின் தொலைபேசி எண்கள். மதப்பற்றுள்ள பிள்ளைகள் அன்று தொலைபேசியை அணைத்துவிடுவார்கள், ஆகவே அவர்கள் எந்த ஜெப ஆலயத்தில் இருப்பார்கள், நடந்து போக எத்தனை நிமிடம் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, வீட்டு முகவரியை எபிரேயத்தில் எப்படிச் சொல்வது என்று தமிழ் எழுத்தில் ஒரு சீட்டு. மாடி எண்ணும், கட்டட வாசல் கதவின் குறியீட்டு எண்ணும் அதில் இருக்கட்டும். பதற்றத்தில் எபிரேயம் மறந்துபோகும், தமிழ் எழுத்து மறக்காது. என் சீட்டில் ‘அனி மெட்டப்பெலெத், ஹி லோ நோஷெமெத் தோவ்’ என்று இருக்கிறது. நான் பராமரிப்பாளர், அவர் சரியாக மூச்சுவிடவில்லை என்று பொருள். இறைவன் அருளால் இன்றுவரை அதைப் படிக்க நேரவில்லை.

5. உங்கள் சாப்பாடு

நீங்கள் நோன்பு இருக்க வேண்டியதில்லை. யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. நாள் முழுவதும் ஆளைத் தூக்கி உட்கார வைக்கும் வேலையில் இருந்துகொண்டு, மரியாதைக்காகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பது ஆபத்து. ஆனால் எப்படிச் சாப்பிடுவது என்பதை முன்பே பேசிவிடுங்கள். நான் முதல் ஆண்டு வெட்கப்பட்டுக்கொண்டு கேட்கவில்லை. மறுநாள் மதியம் குளியலறைக்குள் போய், குழாயைத் திறக்கவும் பயந்து, சுவரில் சாய்ந்து நின்று காய்ந்த ரொட்டி இரண்டு துண்டு தின்றேன். வெளியே வந்தபோது சாஃப்தா, ‘சாப்பிட்டாயா? நல்லது. அடுத்த முறை உட்கார்ந்து சாப்பிடு’ என்றார்.

நடைமுறை இதுதான்: உங்கள் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, சூடாக்காமல் சாப்பிடக்கூடியது. தயிர்சாதத்தை மிஞ்சியது எதுவும் இல்லை. முந்தின நாள் மதியமே பிசைந்து, தாளித்து, மூடி வைத்துவிடுங்கள். எலுமிச்சை ஊறுகாய், வாழைப்பழம், பேரீச்சம்பழம், வேகவைத்த முட்டை. இரண்டு பெரிய குப்பி தண்ணீரையும் அறைக்குள் வைத்துக்கொண்டால் சமையலறைக்கு நடக்க வேண்டாம். கருவாடு, மீன் குழம்பு, வடகம் பொரிப்பது எல்லாம் வேறு நாளைக்கு. பட்டினியாகப் படுத்திருக்கும் வீட்டில் தாளிப்பு மணம் எழுவது எவ்வளவு கொடுமை என்று நமக்கே தெரியும்.

கஷ்ருத் என்கிற யூத உணவு விதி பார்க்கும் வீடு என்றால் பால் பாத்திரமும் இறைச்சிப் பாத்திரமும் வேறு வேறு. தயிர்சாதத்தை இறைச்சிப் பாத்திரத்தில் வைத்துவிடாதீர்கள். உங்களுக்கென்று ஒரு தூக்குப்பாத்திரம் வைத்துக்கொள்வது ஆண்டு முழுவதற்கும் நல்லது.

வீட்டுக்காரர்கள் நோன்புக்கு முன் கடைசியாகச் சாப்பிடும் சாப்பாட்டுக்கு ‘செஉதா மஃப்செகெத்’ என்று பெயர். மாலை நான்கு மணியிலிருந்து ஐந்துக்குள் மேசையில் இருக்க வேண்டும். சோறு, உருளைக்கிழங்கு, கோழி சூப் போன்றவை. உப்பும் காரமும் குறைவாக. அன்று காலையிலிருந்தே முதியவருக்குத் தண்ணீர் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். கடைசி பத்து நிமிடத்தில் ஒரு லிட்டர் குடிக்க வைத்தால் இரவெல்லாம் கழிப்பறைக்கு நடக்க வேண்டும், விழுவதும் அப்போதுதான் நடக்கும். திராட்சையும் தர்ப்பூசணியும் இங்கே வழக்கம். சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் அளந்து கொடுங்கள்.

6. செலவு

நாளுக்கென்று பெரிய செலவு கிடையாது, அசட்டைக்குத்தான் செலவு. நான் டாக்ஸிக்குக் கொடுத்த 250-ஐச் சொன்னேன்; அதே தூரத்தை பஸ்ஸில் சில ஷெக்கெலில் கடந்திருக்கலாம். கையில் 300 ஷெக்கெல் ரொக்கம் வைத்திருங்கள். பணம் எடுக்கும் இயந்திரம் இயங்கினாலும் நிரப்ப ஆள் வராது. ஜெப ஆலயத்தில் இந்த நாளுக்கு மட்டும் இருக்கைக்குப் பணம் கட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அது குடும்பத்தின் செலவு. பண்டிகைச் சாமான்களுக்கு உங்கள் கையிலிருந்து போட்டு வாங்கினால் ரசீதை அன்றே கொடுத்துவிடுங்கள். பிறகு கேட்டால் அஹரேய் ஹஹகீம்தான்.

7. எரெவ் காலை: வீட்டைத் தயார் செய்தல்

மதப்பற்றுள்ள வீடு என்றால் சுவிட்சைத் தொடமாட்டார்கள், உங்களிடம் நேராகச் சொல்லவும் மாட்டார்கள். ‘இங்கே இருட்டாக இருக்கிறதே’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்கள். அது ஒரு குறிப்பு, புரிந்துகொள்ளப் பழகிவிடும். முன்பே செய்ய வேண்டியவை: கழிப்பறை, நடைவழி விளக்குகளை எரியவிடுவது, மற்ற விளக்குகளை நேரக் கருவியில் போடுவது, குளிர்பெட்டிக்குள் இருக்கும் பல்பைக் கழற்றுவது, கழிப்பறைத் தாளைக் கிழித்து அடுக்குவது, துணிச் செருப்பு அல்லது ரப்பர் செருப்பை எடுத்து வைப்பது, வெள்ளை உடையைத் தேய்ப்பது. குளியலை மூன்றரை மணிக்குள் முடியுங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு டயப்பர் மாற்றித் துடைப்பது நோன்பு நாளிலும் தடையில்லை. அழுக்கை அகற்றும் கழுவலுக்குத் தடை இல்லை. யாராவது தயங்கினால் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள், ஆளை ஈரத்தில் விட்டுவிடாதீர்கள்.

இறந்த பெற்றோர், கணவர் நினைவாக ‘நேர் நெஷாமா’ என்ற, ஒரு நாள் முழுவதும் எரியும் மெழுகு விளக்கு ஏற்றுவார்கள். அதை ஊதி அணைக்கக் கூடாது, நகர்த்தவும் கூடாது. எனவே ஏற்றுவதற்கு முன்பே இடம் பாருங்கள்: திரைச்சீலையிலிருந்து தள்ளி, எவர்சில்வர் தட்டில், ஆக்ஸிஜன் கருவி இருந்தால் அந்த அறைக்கே கொண்டுபோகாமல். எங்கள் சாஃப்தா மூன்று ஏற்றுவார். மூன்றாவது யாருக்கு என்று நான் கேட்டதில்லை.

8. மன்னிப்புக் கேட்டு வருவார்கள்

இதற்கு யாரும் என்னைத் தயார்படுத்தவில்லை. எரெவ் மாலை, செருப்பு மாட்டிவிட நான் குனிந்திருந்தபோது சாஃப்தா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ‘இந்த வருஷம் உன்னைக் கத்தியிருக்கிறேன். திராட்சை திருடினாய் என்று சொன்னேன், பிறகு மேசைக்கு அடியில் கிடைத்தது. ஸ்லிஹா’ என்றார், மன்னித்துவிடு என்று. எண்பத்தாறு வயதுக்காரர், நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, ‘பரவாயில்லை பாட்டி’ என்று தமிழில் சொல்லிவிட்டேன்.

சொல்ல வேண்டியது: ‘அனி மோஹெலெத்’, ஆண்கள் ‘அனி மோஹெல்’. மன்னிக்கிறேன் என்று பொருள். நீங்களும் கேட்கலாம், கேட்பது அழகு. கடவுளுக்கு எதிரான பாவத்தைத்தான் இந்த நாள் போக்கும், மனிதருக்குச் செய்ததை அவரைச் சமாதானப்படுத்தாமல் போக்காது என்பது மிஷ்னா என்கிற பழைய யூதச் சட்டத் தொகுப்பு சொல்லும் விதி. அந்த விதியின்படியே பார்த்தாலும், மன்னிப்புக் கேட்டுவிட்டதால் சம்பளப் பாக்கி தீர்ந்துவிடாது. மனதார மன்னியுங்கள். பாக்கி இருந்தால் கணக்கை நோட்டில் அப்படியே வைத்திருங்கள்.

வாழ்த்துச் சொல்லும்போது ‘ஹக் சமேயாஹ்’ வேண்டாம், அது மகிழ்ச்சியான பண்டிகைகளுக்கு. இன்று ‘க்மார் ஹதிமா தோவா’, உங்கள் பெயர் நன்மைக்கென்று முத்திரையிடப்படட்டும் என்று. நோன்பு இருப்பவரிடம் ‘ட்ஸோம் கால்’, நோன்பு எளிதாகட்டும் என்று.

9. கோல் நித்ரேக்கு அழைத்துப் போவது

முதல் தொழுகையான கோல் நித்ரே சூரியன் மறையும் முன் தொடங்கும். 2026 செப்டம்பர் 20 அன்று சூரியன் மறைவது மாலை 6.40-ஐ ஒட்டி. வீட்டில் விளக்கேற்றுவது அதற்கும் முன்பு. ஜெருசலேமில் நாற்பது நிமிடம் முன்பே ஏற்றிவிடுவார்கள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்றால் ஒத்திகையாக ஒரு நாள் முன்பே நடந்து பாருங்கள். எங்கே சரிவுப் பாதை, எங்கே படி, பெண்கள் பகுதி மாடியில் இருக்கிறதா? மாடி என்றால் மின்தூக்கி அன்று ஓடுமா? இதையெல்லாம் கப்பாய் எனப்படும் ஆலயப் பொறுப்பாளரிடம் குடும்பத்தினர் கேட்டு வைக்கட்டும். கடைசி நிமிடத்தில் நாற்காலியோடு போனால் நடைபாதையில்தான் நிற்க நேரும்.

நீங்கள் உள்ளே உட்காரலாம், யாரும் தடுத்ததில்லை. தோள், முட்டி மறைக்கும் வெளிர் நிற உடை. தோல் செருப்பும் கைப்பையும் வேண்டாம். தொலைபேசியைச் சத்தமின்றி உடைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அவசரத்துக்கு இருப்பவர். ஆட்கள் மார்பில் மெல்லத் தட்டிக்கொண்டு பாவங்களை எபிரேய அகரவரிசையில் அறிக்கையிடுவார்கள். ‘நான்’ என்று சொல்லாமல் ‘நாங்கள் செய்தோம்’ என்றே முழுப் பட்டியலும் போகும். மறுநாள் பிற்பகலில் யோனாவின் புத்தகம் வாசிப்பார்கள். ‘யோனா’ என்று காதில் விழும்போது நமக்கும் பிடி கிடைக்கும்.

சாலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். கார் ஒன்றுகூட இருக்காது என்பதால் நடுச்சாலையில் நாற்காலியைத் தள்ளத் தோன்றும். ஆனால் அன்று சாலை சிறுவர்களுடையது. சைக்கிளும் மின் ஸ்கூட்டரும் விளக்கில்லாமல் கூட்டமாக வரும். ஓரமாகவே போங்கள். உங்களுக்கு ஓட்டுநர் உரிமம் இருந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள். சில பகுதிகளில் கல் விழும்.

10. மறுநாள் பகலும் அவசரமும்

காலை எட்டிலிருந்து பதினொன்று வரை எளிது. இரண்டு மணிக்கு மேல்தான் சிரமம். நாக்கு உலர்ந்திருக்கிறதா, சிறுநீர் அடர்ந்த நிறமா, பேச்சு குழறுகிறதா, கேள்விக்குப் பொருந்தாமல் பதில் வருகிறதா என்று மணிக்கொரு முறை பாருங்கள். எழுந்து நிற்கும் முன் கட்டிலில் இரண்டு நிமிடம் உட்கார வையுங்கள். வெயில் தாழும்வரை வெளியே வேண்டாம்.

மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் 101. மாகென் தாவித் அதோம் ஆம்புலன்ஸ் அன்றும் ஓடும், மருத்துவமனையும் இயங்கும். போலீஸ் 100, தீயணைப்பு 102. தொலைபேசியில் பேச யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். உயிர் என்றால் அந்த நாளின் எல்லாத் தடைகளும் விலகும், அவர்களுக்கே அது தெரியும்.

தொலைக்காட்சியும் வானொலியும் அன்று மௌனம். அதனால் ராணுவ உள்நாட்டுப் பாதுகாப்புப் பிரிவின் எச்சரிக்கைச் செயலியை உங்கள் தொலைபேசியில் முன்பே நிறுவி, ஒலியை முழுதாக வையுங்கள். மின்னேற்றியும் கையில் இருக்கட்டும். சைரன் ஒலித்தால் எந்த அறைக்கு, நாற்காலி அந்தக் கதவில் நுழையுமா என்று அளந்து பார்த்திருக்க வேண்டும். எங்கள் நாற்காலி நுழையவில்லை. சாமான் அலமாரியை நகர்த்திய பிறகுதான் நுழைந்தது.

11. நெயிலாவும் முதல் வாயும்

கடைசித் தொழுகைக்கு நெயிலா என்று பெயர்; வாசல் அடைபடுவது. மும்பைப் பக்கத்திலிருந்து வந்த பெனே இஸ்ரேல் குடும்பங்களில் இந்த நாளுக்கே மராத்தியில் ‘கதவு அடைக்கும் திருநாள்’ என்ற பழைய பெயர் உண்டு. நாள் முழுவதும் சோர்ந்து கிடந்தவர்கள் இதற்கு எழுந்து நிற்பார்கள். உங்கள் முதியவரும் நிற்கப் பார்ப்பார். பின்னால் கையைக் கொடுத்துக்கொண்டு நில்லுங்கள். முடிவில் ஷோஃபார், நம் வேதாகமத்தின் எக்காளம், ஒரே நீண்ட ஊதலாக ஒலிக்கும். 2026-இல் அது மறுநாள் இரவு 7.10-ஐ ஒட்டி இருக்கும்.

அதைக் கேட்டதும் எல்லோரும் கேக்கை நோக்கிப் போவார்கள். முதியவரை விடாதீர்கள். வெதுவெதுப்பான தேநீர் அரைக் குவளை, ஒரு துண்டு ரொட்டி அல்லது தேன் கேக்கின் ஓரம். இருபது நிமிடம் பொறுத்து சர்க்கரையைப் பாருங்கள். பிறகு மருத்துவரின் தாளில் உள்ளபடி இரவு மாத்திரை. அதன் பிறகு சூப். எண்ணெயில் பொரித்தது மறுநாளைக்கு. சாஃப்தா தூங்கிய பிறகு குளிர்பெட்டியின் பல்பைத் திரும்ப மாட்டுங்கள். நான் மூன்று நாள் மறந்துபோய், பல்பு எரிந்துபோய்விட்டது என்று புதிது வாங்கினேன்.

அன்றிரவு ஒன்பது மணிவாக்கில் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து டமடமவென்று சுத்தியல் சத்தம் கேட்கும். பயப்பட வேண்டாம். சுக்கோத்துக்குக் கூடாரம் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.